பெயர் மாறினால் குணம் மாறுமா?

(அறிவியல் பகுதி)



இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு வேதிப்பொருளைப் பற்றி. அதன் பெயர் பிஸ்பீனால் ஏ. சுருக்கமாக பி.பி.ஏ. 'இதென்ன வாயில நுழையாத பேரா இருக்கு, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று அடுத்த தாளுக்கு நகர்ந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில், கடையில் தரும் பில்லில், உணவு அடைத்து விற்கும் தகர டப்பாவின் உள்பூச்சில் இது இருக்கலாம். பெயர்தான் வாயில் நுழையவில்லை. பொருள் எப்போதோ நுழைந்துவிட்டது!

அமெரிக்காவில் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் 6 வயதும் அதற்கு மேலும் உள்ள 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். 100-க்கு 93 பேரிடம் பி.பி.ஏ. இருந்தது. அவர்களில் யாரும் அதை வேண்டுமென்று சாப்பிடவில்லை.

பி.பி.ஏ. என்றால் என்ன?

ஃபீனால் மூலக்கூறு இரண்டு, அசிட்டோன் மூலக்கூறு ஒன்று. இவை சேர்ந்தால் கிடைப்பது பி.பி.ஏ. 'பிஸ்' என்றால் இரண்டு. அசிட்டோனில் இருந்து வருவதால் 'ஏ'. 1891-ஆம் ஆண்டு ரஷ்ய வேதியியலாளர் தியானின் இதை முதன்முதலில் தயாரித்தார். அப்போது இதனால் யாருக்கும் பெரிய உபயோகம் இல்லை.

1953-இல் ஜெர்மனியில் ஷ்னெல் என்பவரும் அமெரிக்காவில் ஃபாக்ஸ் என்பவரும் தனித்தனியாக, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, பி.பி.ஏ.வைச் சங்கிலி போலக் கோத்து ஒரு புதிய பிளாஸ்டிக்கை உண்டாக்கினார்கள். அதுதான் பாலிகார்பனேட். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், கீழே போட்டால் உடையாது. தகர டப்பாவின் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் எப்பாக்ஸி என்ற பூச்சுக்கும் பி.பி.ஏ. தேவைப்பட்டது. அதன் பிறகு உலகம் முழுவதும் டன் டன்னாகத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு ஆச்சரியம். பாலிகார்பனேட் வருவதற்கு 17 வருஷத்துக்கு முன்பே, 1936-இல், இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ், பி.பி.ஏ. நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் போல வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து எழுதியிருந்தார். அவர் தேடியது பிளாஸ்டிக் அல்ல, மருந்து. பிறகு 1938-இல் இதைவிடப் பல மடங்கு பலமான வேறொரு பொருள் அவர் குழுவுக்குக் கிடைத்ததால் பி.பி.ஏ. மருந்தாகவில்லை. ஆக, இது ஹார்மோன் மாதிரி நடிக்கும் பொருள் என்று தெரிந்த பிறகுதான் நாம் அதில் தண்ணீர் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தோம்!

பூட்டும் சாவியும்

ஹார்மோன் என்பது நாளமில்லாச் சுரப்பிகள் ரத்தத்தில் அனுப்பும் செய்தி என்று பாடத்தில் படித்திருக்கிறோம். செல்லில் ஒரு பூட்டு இருக்கும். ஹார்மோன் என்ற சாவி வந்து திறந்தால்தான் வேலை நடக்கும். சில வீட்டுப் பீரோ, பக்கத்து வீட்டுப் பீரோ சாவியைப் போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டினாலும் திறந்துகொள்ளும் இல்லையா? பி.பி.ஏ. அந்தப் பக்கத்து வீட்டுச் சாவி. சரியான சாவி அளவுக்குச் சுலபமாகத் திறக்காது. ஆனால் நேரம் கெட்ட நேரத்தில் திறந்துவிடும்.

'கொஞ்சூண்டு உள்ளே போனா என்ன ஆயிடும்?' என்று கேட்கத் தோன்றும். ஹார்மோன் வேலை செய்வதே கொஞ்சூண்டு அளவில்தான். அதனால்தான் கருவில் இருக்கும் குழந்தை, பால் குடிக்கும் குழந்தை, நம்மைப் போல வளர்கிற வயதில் இருப்பவர்கள் பற்றி விஞ்ஞானிகள் அதிகம் கவலைப்படுகிறார்கள். உறுப்புகள் உருவாகும் சமயத்தில் தவறான செய்தி போய்விட்டால், பிறகு அதைத் திருத்த முடியாது.

எப்படி வெளியே வருகிறது?

பிளாஸ்டிக்குக்குள் கோத்திருக்கும் சங்கிலி சூட்டிலும், சோடா மாதிரி காரம் பட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து பி.பி.ஏ. வெளியே வரும். இதைக் காட்டும் சில ஆய்வுகள்:

1. 1993-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஏதோ கிடைத்தது. ஆனால் அது ஈஸ்டிலிருந்து வரவில்லை. நீராவியில் சூடாக்கிச் சுத்தம் செய்த பாலிகார்பனேட் குடுவையிலிருந்து வந்த பி.பி.ஏ.!

2. 2008-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பாலிகார்பனேட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தார்கள். சாதாரணத் தண்ணீரைவிட 15 முதல் 55 மடங்கு வேகமாக பி.பி.ஏ. வெளியே வந்தது.

3. 2009-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 77 மாணவர்கள் ஒரு வாரம் எவர்சில்வர் பாட்டிலிலும், அடுத்த வாரம் பாலிகார்பனேட் பாட்டிலிலும் குடித்தார்கள். ஊற்றியது குளிர்ந்த பானம்தான். அப்படியும் சிறுநீரில் பி.பி.ஏ. 69 சதவீதம் கூடிவிட்டது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பி.பி.ஏ. நம் உடம்பில் வருஷக்கணக்கில் தங்காது. பெரும்பாலும் ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் உள்ளே போவதால்தான் தினமும் இருக்கிறது. வரும் வழியை அடைத்தால் அளவு சீக்கிரமே குறையும்.

சுண்டெலி சொன்ன முதல் பாடம்

1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரீசியா ஹண்ட் என்ற பெண் விஞ்ஞானி சுண்டெலிகளின் கருமுட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நன்றாக இருக்க வேண்டிய எலிகளில் 100-க்கு 1 அல்லது 2 முட்டையில்தான் குரோமோசோம் கோளாறு இருக்கும். திடீரென்று அது 40 ஆகிவிட்டது! காற்றா, தீவனமா என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால், தரை கழுவும் காரமான சோப்பை எடுத்து யாரோ எலிக்கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழுவியிருக்கிறார்கள். அவை பாலிகார்பனேட். பிளாஸ்டிக் அரித்து பி.பி.ஏ. எலிகளுக்குள் போயிருந்தது. சந்தேகம் தீர அவரே எலிகளுக்கு பி.பி.ஏ. கொடுத்து மறுபடி சோதித்து, 2003-இல் ஆய்வை வெளியிட்டார்.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. மனிதர்களில், பி.பி.ஏ. அதிகம் உள்ளவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் காணப்படுவதாக 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது. சேவல் கூவும்போது பொழுது விடிகிறது என்பதற்காக, சேவல்தான் பொழுதை விடியவைத்தது என்று சொல்லலாமா? ஆனால் பல விலங்குகளில் பல ஆய்வுகள் ஒரே பக்கம் கை காட்டும்போது, 'முழுசா தெரியட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும்' என்று சும்மா இருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

எங்கள் அக்காவும் பில் ரோலும்

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் எங்கள் பெரியம்மா மகள் அக்கா. பக்கத்து டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறாங்க. பண்டிகை நாள் என்றால் ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு பில் கிழித்துக் கொடுப்பாங்க. இப்போது அவங்களுக்கு ஏழாவது மாதம்.

அந்த பில் காகிதத்தில் மை கிடையாது. நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். சூடு பட்டால் எழுத்துத் தெரியும்படி அதன் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. பஸ் டிக்கெட்டிலும் இதே வகைக் காகிதம் வருகிறது. அந்தப் பூச்சில் பல காலமாகச் சேர்த்துவந்தது பி.பி.ஏ.தான். பிளாஸ்டிக்கில் இருப்பது போலச் சங்கிலியாகக் கோத்திருக்காது. பூசிய மாவு மாதிரி சும்மா ஒட்டியிருக்கும். தொட்டால் விரலுக்கு வந்துவிடும்.

இதைச் சொன்னதும் அக்கா சிரிச்சாங்க. "ஏன்டி, நான் என்ன பில்லைத் தின்னவா போறேன்? கிழிச்சுக் குடுக்கிறேன், அவ்வளவுதான்" என்றாங்க.

தின்ன வேண்டாம், தொட்டாலே போதும். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 24 பேர் தொடர்ந்து 2 மணி நேரம் இப்படிப்பட்ட பில்களைக் கையாண்டார்கள். அவர்கள் சிறுநீரில் பி.பி.ஏ. கூடியது. அதே வேலையைக் கையுறை போட்டுச் செய்தபோது அப்படிக் கூடவில்லை. இன்னொரு விஷயம். மிசௌரி பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு வந்த ஆய்வின்படி, கையில் சானிடைசர் தடவிவிட்டு பில்லைத் தொட்டால் தோல் வழியாக இன்னும் அதிகமாக உள்ளே போகிறது. கொரோனா வந்த 2020-இல் இருந்து அக்கா கடை மேஜையில் சானிடைசர் பாட்டில் இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டுதான் பில் கிழிக்கிறாங்க!

அக்கா முகம் மாறிடுச்சு. மறுநாள் கடையிலிருந்து வரும்போது பில் ரோல் வந்த அட்டைப் பெட்டியின் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தாங்க. அதில் 'பி.பி.ஏ. ஃப்ரீ' என்று அச்சடித்திருந்தது. "பாத்தியா, இதுல அது இல்லையாம். இனி பயமில்ல" என்று நிம்மதியாகச் சொன்னாங்க.

எனக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும், அடுத்த பகுதியைப் படிக்காமல் இருந்திருந்தால்.

தம்பி வந்தான் முன்னே

பி.பி.ஏ.வுக்கு எதிர்ப்பு வந்ததும் கம்பெனிகள் வேறு பொருள் தேடின. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் முக்கியமானவை பிஸ்பீனால் எஸ், பிஸ்பீனால் எஃப். பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா? ஒரே குடும்பம். அதே இரண்டு ஃபீனால், நடுவில் இருக்கும் இணைப்பு மட்டும் வேறு. எஸ் என்பதில் சல்ஃபோன், எஃப் என்பது ஃபார்மால்டிஹைடிலிருந்து வருவது. அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டுத் தம்பியைச் சேர்த்துக்கொண்டது போல! பில் காகிதத்தில் பி.பி.ஏ.வுக்குப் பதிலாக அதிகம் வந்தது இந்த 'எஸ்' தம்பிதான்.

ஹண்ட் அம்மையார் பிறகு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனார். பாலிகார்பனேட் கூண்டுகளை விட்டுவிட்டு வேறு பிளாஸ்டிக் கூண்டுகள் வைத்திருந்தார். சுமார் 20 வருஷம் கழித்து, அவர் எலிகளில் மறுபடியும் அதே மாதிரிக் கோளாறு! தேடினால், பழுதடைந்த அந்தப் புதுக் கூண்டுகளிலிருந்து பிஸ்பீனால் எஸ் வந்துகொண்டிருந்தது. உடனே பதில் பொருள்கள் பலவற்றைத் தனித்தனியாகச் சோதித்தார். பி.பி.ஏ. செய்தது போலவே அவையும் கருமுட்டையிலும் விந்தணுவிலும் கோளாறு செய்தன. ஆண் எலிகளில் அந்தப் பாதிப்பு அடுத்த தலைமுறைகளிலும் தெரிந்தது. இந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரே விஞ்ஞானிக்கு ஒரே பாடம் இரண்டு முறை.

இதைப் படித்துக் காட்டியதும் அக்கா கேட்டாங்க: "அப்போ பேரை மட்டும் மாத்திக்கிட்டு வந்திருக்குங்கறியா?" இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதே அந்த ஒரு வரிதான். 'பி.பி.ஏ. ஃப்ரீ' என்றால் பி.பி.ஏ. இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதற்குப் பதில் என்ன இருக்கிறது, அது நல்லதா என்று அந்த எழுத்து சொல்வதில்லை.

அக்கா கடையில் கையுறை கேட்டதற்கு, "கஸ்டமர் என்ன நெனப்பாங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிட்டார். இரண்டு நாள் கழித்து அக்கா தானே மெடிக்கலில் ஒரு டப்பா வாங்கி, பில் கிழிக்கிற வலது கைக்கு மட்டும் போட்டுக்கிறாங்க. சானிடைசரை விட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறாங்க. பக்கத்து கவுண்டரில் இருக்கும் இரண்டு பேரும் இப்போது சாப்பிடும் முன் கழுவுறாங்களாம். கடையில் இன்னும் கையுறை தரவில்லை.

ஆற்றுக்கும் மீனுக்கும் என்ன ஆகிறது?

நாம் தூக்கிப் போடும் பிளாஸ்டிக், பில், டப்பா எல்லாம் குப்பைமேட்டுக்குப் போகின்றன. மழை பெய்தால் அதில் ஊறிய தண்ணீர் பிஸ்பீனாலையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. பில் காகிதத்தைப் பழைய பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சி செய்தால் புதுக் காகிதத்திலும் அது ஏறிக்கொள்கிறது.

ஆற்று நீரில் காற்று இருந்தால் பாக்டீரியாக்கள் பி.பி.ஏ.வைச் சில நாட்களிலேயே சிதைத்துவிடும். ஆனால் நாம் தினமும் சேர்த்துக்கொண்டே இருக்கிறோமே! 'எஸ்' தம்பியோ இன்னும் பிடிவாதக்காரன். கடல் நீரில் வைத்துப் பார்த்த, 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 'எஃப்' சிதைந்தது, 'ஏ' அதைவிட மெதுவாகச் சிதைந்தது, 'எஸ்' மட்டும் அசையவே இல்லை. அண்ணனைவிடத் தம்பி அதிக நாள் தங்குகிறான்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் அங்குள்ள ஓர் ஆற்றில் இருக்கும் அளவுக்கே பி.பி.ஏ. கலந்த நீரில் வரிக்குதிரை மீனின் கருக்களை வைத்தார்கள். மூளையின் ஒரு பகுதியில் நரம்பு செல்கள் வழக்கத்தைவிட 180 சதவீதம் அதிகமாக, காலத்துக்கு முன்பே உருவாகின. 'எஸ்' கலந்தபோது அது 240 சதவீதம்! அந்த மீன்கள் பிறகு ஓரிடத்தில் நிற்காமல் பரபரவென்று அலைந்தன. இது 2015-இல் வெளியான ஆய்வு.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளின் பால் பாட்டிலில் பி.பி.ஏ. கூடாது என்று கனடா 2010-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும், அமெரிக்கா 2012-இலும் விதி செய்தன. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-இல் பால் பாட்டிலுக்குப் பாலிகார்பனேட் கூடாது என்று தரத்தை மாற்றியது.

பெரியவர்கள் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. உணவு வழியாகச் சேரும் அளவு ஆபத்தில்லை என்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லிவந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேறு மாதிரி சொன்னது. 2015-இல் அது உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 4 மைக்ரோகிராம் வரை போகலாம் என்றது. 2023-இல் அதையே 0.2 நானோகிராம் என்று குறைத்தது. அதாவது 20,000-இல் ஒரு பங்கு! நானோகிராம் என்றால் ஒரு கிராமை 100 கோடி பங்காகப் போட்டு அதில் ஒன்று. 40 கிலோ எடையுள்ள மாணவிக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 8 நானோகிராம்தான்.

பில் காகிதத்தில் பி.பி.ஏ.வுக்கு ஐரோப்பாவில் 2020 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு வந்தது. 'எஸ்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால், 2023 ஜனவரியில் அதையும் மிகவும் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், உணவு படும் பொருள்களில் பி.பி.ஏ.வை மட்டுமல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஆபத்தானவை என்று அடையாளம் கண்ட மற்றவற்றையும் சேர்த்துத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. மாறிக்கொள்ளக் கால அவகாசமும் கொடுத்தது. ஒருவனைப் பிடித்தால் அவன் தம்பி வருகிறான் என்று புரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

1. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1, 2, 4, 5 ஆகியவை பிஸ்பீனாலால் செய்தவை அல்ல. கடையில் விற்கும் சாதாரணத் தண்ணீர் பாட்டில் 1-ஆம் எண். அதில் பி.பி.ஏ. இருக்கிறது என்று பலர் சொல்வது தவறு. 7 என்ற எண்ணோடு பி.சி. என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பாலிகார்பனேட்.

2. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கேன் வாங்காமல் இருக்க முடியாது. சுத்தமான தண்ணீர்தான் முதலில் முக்கியம். ஆகவே கேனை வெயிலில் வைக்காமல் நிழலில் வையுங்கள். வந்தவுடன் எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ ஊற்றி வைத்துவிடுங்கள். காலி கேனைச் சோடாவோ வெந்நீரோ ஊற்றிக் கழுவாதீர்கள்.

3. சூடான சாம்பார், டீ, பால் எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்ற வேண்டாம். தூக்குவாளி இருக்க பிளாஸ்டிக் எதற்கு?

4. பில்லையும் பஸ் டிக்கெட்டையும் கசக்கி விளையாட வேண்டாம். வாயில் கடிக்க வேண்டாம். சின்னத் தம்பி தங்கை கையில் கொடுக்க வேண்டாம். தேவையில்லாத பில்லைக் கடைக்காரரிடம் அச்சடிக்காமல் விடச் சொல்லலாம்.

5. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால்தான் சிறந்தது. ஊட்டித்தான் ஆகவேண்டும் என்றால் எவர்சில்வர் பாலாடை இருக்கிறது.

6. 'இது இல்லை' என்று எழுதிய பொருளை வாங்கும்போது, 'அப்படின்னா இதுல வேற என்ன இருக்கு?' என்று கேட்டுப் பழகுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தண்ணீர் கேனின் அடியில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பலகைக்குக் கீழே மாட்டியிருக்கும் பையில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம், தெருவை மட்டும் எழுதினால் போதும். எத்தனை வீட்டில் எந்த எண் என்று கணக்கெடுத்து அடுத்த இதழில் எழுதுகிறேன். தயவுசெய்து பில் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதாதீர்கள்!



9-ஆம் வகுப்பு மாணவி